மசாஜ் எல்லாக் கட்டிக்கும் மருந்தில்லை
உதட்டில் ஃபில்லர் (உதட்டைப் பருமனாகக் காட்டப் போடும் ஊசி) போட்டபின் கட்டி தட்டுப்பட்டால் மசாஜ் செய்தால் போதும் என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முதல் இரண்டு வாரம் வீக்கமும் ரத்தக்கட்டும் இருக்கும், ஒரு பக்கம் பெரிதாகத்தான் தெரியும். என் அக்கா மகள் கண்ணாடி முன்னால் நின்று அமுக்கி அமுக்கியே வீக்கத்தைக் கூட்டிக்கொண்டாள். டாக்டர் சொல்லாமல் கை வைக்கவே கூடாது.

அப்புறமும் கட்டி போகவில்லை என்றால் ஹயலுரோனிடேஸ் ஊசி இருக்கிறது. ஆனால் போட்டது ஹயலுரோனிக் அமில ஜெல்லாக இருந்தால்தான் அது கரைக்கும். சிலிகானிடம் அதன் பாச்சா பலிக்காது. அதனால் போட்டது எது என்று தெரிய, ஃபில்லர் பெட்டியின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள். (பார்லரில் போட்டால் அதை எங்கே தரப்போகிறார்கள்!) உதடு வெளிறி, வலி ஏறிக்கொண்டே போனால் மட்டும் இந்த இரண்டு வாரக் கணக்கு செல்லாது, ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடுங்கள்.