1988 மெக்லாரன்: சென்னாவும் புரோஸ்டும் உண்மையில் எவ்வளவு வேறுபட்டார்கள்?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் 1988ஆம் ஆண்டின் மெக்லாரன் அணியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அதன் இரு ஓட்டுநர்களில் அயர்டன் சென்னா 13 போல் பொசிஷன்களை (பந்தயத்துக்கு முந்தைய தகுதிச்சுற்றில் மிக வேகமாக ஓட்டி, முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமை) பெற்றார், அலென் புரோஸ்டுக்கு 2 மட்டுமே கிடைத்தன என்ற கணக்கைச் சொல்லி, வேகத்தில் சென்னாவை ஏணி வைத்தாலும் புரோஸ்டால் எட்டியிருக்க முடியாது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். தகுதிச்சுற்றைப் பொறுத்தவரை அந்தக் கணக்கில் பிழையில்லை. மொனாக்கோவில் ஒரே மாதிரிக் காரில் புரோஸ்டைவிட 1.4 விநாடிக்கும் மேல் வேகமாக ஒரு சுற்றை முடித்தவர் சென்னா. ஆனால் அதையே பந்தய வேகத்துக்கும் சான்றாகக் காட்டுவது புரோஸ்டுக்கு இழைக்கும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஆண்டின் விதிகளை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். மெக்லாரன் போன்ற டர்போ என்ஜின் கார்களுக்கு ஒரு பந்தயத்துக்கு 150 லிட்டர் எரிபொருள்தான் அனுமதிக்கப்பட்டது. நடுவில் நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுநர் காட்டிய வேகம் என்பது, கடைசிச் சுற்றுவரை எரிபொருளும் டயரும் தாங்கும்படி பார்த்துக்கொண்டு தொடர்ந்து ஓட்டக்கூடிய வேகமே தவிர, அவரால் எட்ட முடிந்த உச்ச வேகம் அன்று. புரோஸ்டின் திறமை முழுமையாக வெளிப்பட்டது இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான்.

இத்தாலியின் இமோலாவில் நடந்த பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். புறப்பாட்டில் தடுமாறி ஆறாம் இடத்துக்குச் சரிந்த புரோஸ்ட், அங்கிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறி வந்து, பந்தயத்தின் அதிவேகச் சுற்றையும் பதிவு செய்து, வெற்றி பெற்ற சென்னாவுக்கு ஏறத்தாழ 2.3 விநாடி மட்டுமே பின்னால் முடித்தார். மற்ற எல்லாக் கார்களையும் அவர்கள் இருவரும் ஒரு சுற்றாவது முந்தியிருந்தார்கள். சென்னா முன்னிலையில் இருந்துகொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தியிருப்பார் என்பதை மறுக்கவில்லை. என்றாலும் தகுதிச்சுற்றுகள் காட்டிய பெரும் பள்ளம் அங்கே தென்படவில்லை. மெக்சிகோவில் சென்னா முதலிடத்திலிருந்து புறப்பட்டும், தொடக்கத்திலேயே முந்திய புரோஸ்டை அவரால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. ஹங்கேரியில் இருவருக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய அரை விநாடி.

அதிவேகச் சுற்றுகளின் எண்ணிக்கையில் புரோஸ்ட் 7, சென்னா 3 என்பதையும் சிலர் எதிர்வாதமாக வைக்கிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முன்னால் செல்பவர் காரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது, துரத்துபவர் ஒரு சுற்றை விரட்டி ஓட்டுவது இயல்பு.

என் வாதத்துக்குப் பெரிய சவாலாக நிற்பது மறுபடியும் மொனாக்கோதான். கெர்ஹார்ட் பெர்கரின் ஃபெராரிக்குப் பின்னால் பந்தயத்தின் பெரும்பகுதியைக் கழித்த புரோஸ்ட், 54ஆம் சுற்றில் அவரைக் கடந்து வேகத்தைக் கூட்டியபோது, சென்னாவும் வேகத்தைக் கூட்டி அன்றைய அதிவேகச் சுற்றைத் தாமே பதிவு செய்தார். பின்னர் வேகத்தைக் குறைத்து ஓட்டிய நிலையில், 67ஆம் சுற்றில் போர்ட்டியே வளைவில் தடுப்பில் மோதி வெளியேறினார். அந்தச் சில சுற்றுகளில் இருவருக்கும் முன்னால் பாதை திறந்திருந்தது. சென்னாவே வேகமானவராக இருந்தார். இருபுறமும் தடுப்புச் சுவர்கள் நெருங்கிய ஒரு பாதையில், ஒரு நாளில் கிடைத்த இந்தச் சான்றைப் பருவம் முழுமைக்கும் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இருவரையும் உண்மையில் பிரித்தவை மழையும் நெரிசலும். 1982இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் மழையில் டிடியே பிரோனியின் கார் தம் காரின் பின்புறம் மோதி, பிரோனியின் பந்தய வாழ்வே முடிந்துபோனதைக் கண்ட புரோஸ்ட், 1988இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் மழையில் தாமாகவே விலகினார், வென்றவர் சென்னா. பின்தங்கிய கார்களைக் கடந்து செல்வதிலும் சென்னாவின் துணிவு வேறு தரத்தில் இருந்தது. ஜப்பானின் சுசூகாவில் புறப்பாட்டில் என்ஜின் நின்றுபோய் 14ஆம் இடத்துக்குச் சரிந்த அவர், 28ஆம் சுற்றில் புரோஸ்டை முந்தி அந்த ஆண்டின் உலகப் பட்டத்தை உறுதி செய்தது அப்படிப்பட்ட ஒரு தருணத்தில்தான். அன்று புரோஸ்டுக்கு கியர் மாற்றுவதில் சிக்கல் இருந்தது, தூறலும் விழுந்தது. ஆகவே சென்னாவின் மகத்தான வெற்றிகளில் ஒன்றாக அதைப் போற்றும் நான், உலர்ந்த, திறந்த பாதையில் புரோஸ்ட் மெதுவானவர் என்று நிறுவ அதைப் பயன்படுத்த மாட்டேன்.