அப்பா கையெழுத்து எங்கே?

பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவதும், பெற்றோர் கூட்டத்துக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடுவதும் நான்தான் என்றாலும், படிவத்தில் கையெழுத்திடும்போது மட்டும் "அப்பா வரலையா, மேடம்?" என்று கேட்கிறார்கள். தந்தை உயிரோடு இருந்தாலும், குழந்தையின் பொறுப்பை அவர் ஏற்காத நிலையில், தாயே இயற்கைக் காப்பாளராக, அதாவது குழந்தையின் சார்பில் முடிவெடுக்கச் சட்டம் ஏற்கும் பெற்றோராக, செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இலேயே விளக்கிவிட்டது. கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்று 2016-இல் விதி தளர்ந்தது. பள்ளி அலுவலக மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும். என் விவரங்களுக்கான பகுதியிலோ 'தந்தை / கணவர் பெயர்' என்று ஒரு கட்டம். என் கணவருக்கான பகுதியில் மனைவி பெயரை எவரும் கேட்பதில்லை. (பழைய தாளைப் பார்த்து அப்படியே அச்சடித்திருப்பார்கள்.) "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்று சலித்துக்கொண்ட எழுத்தரும் ஒரு பெண்தான் என்பதை யாரிடம் சொல்லி அழுவது!