முயலுக்கு நாயின் உண்ணி மருந்து வேண்டாம்

முயலின் கழுத்துப் பக்கம் வெள்ளைச் செதில் உதிர்ந்து முடி கொட்டினால், நாய்க்கு உண்ணி போக விடும் சொட்டு மருந்தில் சில துளி போதும் என்று முயல் வளர்ப்பவர்களுக்குச் சிலர் யோசனை சொல்கிறார்கள். உதவும் எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அந்தச் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது ஃபிப்ரோனில், அதை முயலுக்கு விடவே கூடாது. பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து அது. நாயும் பூனையும் தாங்கிக்கொள்ளும், முயல் தாங்காது. தீனியை நிறுத்திவிடும், சோர்ந்து படுக்கும், வலிப்பு வரும், செத்தும் போகலாம். அளவைக் குறைத்தால் சரி என்பதும் இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், பெட்டியில் மருந்தின் பெயரைப் பாருங்கள், ஃபிப்ரோனில் என்று இருந்தால் ஃபிப்ரோனில் கலந்த ஃபிரண்ட்லைன் என்ற சொட்டு மருந்தின் தகவல் தாளை இணையத்தில் தேடி எடுத்து, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பகுதியைப் படியுங்கள், முயலுக்குப் பயன்படுத்தக் கூடாது, உயிரிழப்பு நேரலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார்.

செதில் பெரும்பாலும் மைட் என்ற, தோலில் வாழும் மிகச் சிறிய ஒருவகைப் பூச்சியால் வருவது. கறுப்புத் தாளின் மேல் முயலை நிறுத்தி முதுகு முடியை மெதுவாகச் சீவுங்கள், விழுந்த செதிலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில துணுக்குகள் நகர்வது தெரியலாம். அப்படித் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், முயலுக்கு ஏற்ற செலாமெக்டின் போன்ற மருந்தை எடை பார்த்து அவர் கொடுப்பார். ஏற்கெனவே அந்தச் சொட்டை விட்டிருந்தால் இன்றே கூட்டிப் போங்கள், போகும்போது மருந்துப் பெட்டியும் கையில் இருக்கட்டும்.