மீன் பறந்து வராது அண்ணே

எந்த பேனரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எல்லா குரூப்பிலும் அதுதான் ஓடுகிறது. பிரெஞ்சு விருந்தினர்களை வரவேற்க மீன் லேண்டிங் சென்டர், அதாவது படகிலிருந்து மீன் இறக்கும் இடத்தின் வாசலில் கட்டியது. லேண்டிங்குக்கு 'அத்தெரிஸாஜ்' என்று போட்டிருக்கிறார்கள். விமானம் தரையிறங்குவதற்கு பிரெஞ்சில் சொல்வது. வந்தவர்கள் ஓடுதளத்தைத் தேடியிருந்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிற நான் இதைக் குரூப்பில் சொன்னதற்குக் கிடைத்த பதில், "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சீன் போடணுமா? போனில் போட்டால் வந்துரும்." கூடவே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

போனில் போட்டதால்தானே அண்ணே இது வந்தது?

ஆங்கிலத்துக்கு லேண்டிங் என்ற ஒன்று போதும். பிரெஞ்சில் எது, எங்கே இறங்குகிறது என்று கேட்காமல் எழுத முடியாது. விமானம் கடல்மேல் இறங்கினால் அமெரிஸாஜ். நிலவில் என்றால் அலுனிஸாஜ். இஸ்ரோவுக்குத் தலைவர்களைக் கொடுத்த கன்னியாகுமரி மாவட்டம் இது, 2023-ல் சந்திரயான் இறங்கியதை டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோமே, அதற்கு இந்தச் சொல். மாடிப்படி திரும்பும் இடத்தில் இருக்கும் சின்னத் தளம் பாலியே. படகிலிருந்து மீன் கரைக்கு வந்தால் தெபார்க்மான். கொச்சி மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் வருடா வருடம் வெளியிடும் 'லேண்டிங்' கணக்கும் இந்தக் கடைசி வகைதான்.

குளச்சலில் காலமெல்லாம் மீன் விற்ற என் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ மீனு பறந்தா வந்துது மக்களே?" என்று கேட்டார். பிரெஞ்சு தெரியாத அவருக்கு ஒரே நொடியில் புரிந்தது.

தெபார்க்மான் என்றால் 1944-ல் நார்மண்டியில் படை இறங்கியது, அதை மீனுக்குப் போடலாமா என்று ஒருவர் அகராதியோடு வந்தார். போடலாம். கப்பலிலிருந்து ஆள் இறங்கினாலும் சரக்கு இறங்கினாலும் அதே சொல்தான். 1741-ல் டச்சுப் படை நம் குளச்சலில் இறங்கியதற்கும் அதைத்தான் எழுத வேண்டும். அத்தெரிஸாஜுக்கும் கப்பல்காரர்கள் பேச்சில் கரையை நெருங்குவது என்ற அர்த்தம் உண்டே என்கிறார் இன்னொருவர். உண்டு. இருக்கட்டும். மீன் பெட்டி இறக்குவதற்கு அதை யாரும் சொல்வதில்லை.

"ஏஐ எல்லாம் வந்தாச்சு, நீங்க இன்னும்..." என்பவர்களுக்கு: முழுப் பத்தியையும் கொடுத்தால் பல நேரம் சரியாகவே சொல்லும், நானே பயன்படுத்துகிறேன். ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அதுவும் ஊகம்தான் செய்யும். எங்கே, எதற்கு என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் கேள்விதான் என் வேலை, அதுதான் உங்களுக்குச் சீன் போடுவதாகத் தெரிகிறது.

ஒரு கம்பெனி முன்பு மொழிபெயர்க்கச் சொல்லி எக்செல் ஷீட்டில் வெறும் சொற்களாக அனுப்பியது. 'ரைட்' என்று ஒரு கட்டம். வலது பக்கமா, உரிமையா, சரியா என்று கேட்டேன். கேள்வி கேட்காத ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அதுவரை செய்த வேலைக்கும் பணம் வரவில்லை.

இங்கேயும் அதே கதைதான். ஃபிளெக்ஸ் அடித்தவருக்குக் கூலி, கட்டியவருக்குக் கூலியோடு டீயும் வடையும். எழுத்து மட்டும் ஓசியில் வர வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கிற பொம்பளை செய்வதெல்லாம் பொழுதுபோக்கு, இல்லையா?

இனிமேல் ராத்திரி பதினொரு மணிக்கு "அக்கா, ஒரு சின்ன வார்த்தை" என்று மெசேஜ் போடுகிறவர்கள் முழு வாக்கியத்தையும் போடுங்கள். கூலி எவ்வளவு என்பதையும்.