சிரிப்பதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்திருக்கலாம்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தக் குழுவைத் திறந்தாலும் அதுதான். நண்பரின் மரணச் செய்திக்குக் கீழே அந்தப் பெரியவர், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முக எமோஜியைப் போட்டுவிட்டார். பேரனே அதை எடுத்து வெளியே போட, ஊரே சிரிக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் அழுதிருக்கிறார். அழுகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சிரிக்கும் முகத்தையும் கதறி அழும் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மஞ்சள். இரண்டிலும் திறந்த வாய், மூடிய கண், கண்ணீர். ஒன்றில் கண்ணோரம் இரண்டு துளிகள், மற்றதில் தாரை தாரையாக. கைப்பேசியில் இதெல்லாம் கடுகளவு. நாற்பதைத் தாண்டினாலே கண்ணின் வில்லை இறுகி, அருகில் இருப்பது மங்கத் தொடங்கிவிடும். அது வயதின் வேலை, அறியாமை அல்ல.

இளையவர்கள் சிரிப்புக்கு மண்டையோட்டைப் போடுகிறார்கள். கதறி அழும் முகத்தையும் சிரிப்புக்கே போடுகிறார்கள். அழுகையைச் சிரிப்பாக்க உங்களுக்கு உரிமை உண்டு, சிரிப்பை அழுகை என்று ஒருவர் எண்ணிவிட்டால் மட்டும் அது கேலிப்பொருளா? 1999இல் ஜப்பானின் ஷிகெடாகா குரிடா கைப்பேசிக்காக வரைந்தவை 176 எமோஜிகள். இன்று 3,000-க்கும் மேல். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாக அறிவித்தது இதே சிரிப்பு முகத்தைத்தான். சில வருடங்களிலேயே, அது கிழவர்கள் போடுவது என்று ஒதுக்கிவிட்டீர்கள். இவ்வளவு வேகமாக மாறுவதை நீங்கள் சொல்லாமல் நாங்கள் எப்படி அறிவது?

மண்டையோட்டுக்கு என்ன பொருள் என்று அண்ணன் மகனிடம் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “விடுங்கள் சித்தப்பா, உங்களுக்குப் புரியாது” என்றான். அவனுக்குக் கடிகாரத்தில் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான். பெரிய முள்ளையும் சின்ன முள்ளையும் மாற்றி மாற்றிச் சொல்வான். நான் சிரித்ததில்லை. பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டியதுமில்லை.

வேடிக்கையைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்று சிலர் வருவார்கள். வீட்டுக்குள் சிரித்திருந்தால் அது வேடிக்கை. ஒருவருடைய துக்கத்தைப் பெயரோடு ஊருக்குக் காட்டியது வேடிக்கை அல்ல. பெரியவர்களும் எங்கள் உடையையும் முடியையும் கிண்டல் செய்கிறார்களே என்பார்கள். செய்கிறார்கள், தப்புதான். அதைத் தனியாகப் பேசுவோம்.

‘கற்றுக்கொள்ள வேண்டியதுதானே’ என்கிறார்களே, அதுதான் சுடுகிறது. கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். வங்கி, டிக்கெட், மருத்துவரைப் பார்க்கும் நேரம் எல்லாம் கைப்பேசிக்குள் போனபோது எங்களை யாரும் கேட்கவில்லை. கடவுச்சொல், ஓடிபி என்று ஒவ்வொன்றாகப் பழகினோம். பழகியதும் செயலியைப் புதுப்பித்துப் பொத்தானை இடம் மாற்றிவிடுகிறார்கள். உங்களிடம் வந்தால் கையிலிருந்து பிடுங்கி, நான்கு தட்டுத் தட்டித் திருப்பித் தருகிறீர்கள். வேலை முடிந்துவிடும். எங்கே தட்டினீர்கள் என்று நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம். மெதுவாகக் காட்டு என்றால் முகம் சுளிக்கிறீர்கள்.

பெரியவர்கள் காலை வணக்கப் படத்தைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை என்றும் கேலி செய்கிறீர்கள். சொந்தமாக ஒரு வரி எழுதினால் அதையும் யாராவது எடுத்துப் போட்டுச் சிரிப்பார்களோ என்ற பயத்தில்தான் எங்களில் பலர் அந்தப் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.