கூலிக்கு மாரடித்த வரிகளா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்த நண்பர் சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு குழந்தையின் கல்லறைக்கு ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய வாசகத்தை நான் படித்து முடித்ததும், “முகமே பார்க்காத பிள்ளைக்கு எழுதியது. கூலிக்கு மாரடிப்புதானே?” என்றார். பாதிப் பேர் சிரித்தீர்கள். அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது.

சரி, இப்போது சொல்கிறேன். டிக்கன்ஸ் அந்தக் குழந்தையைப் பார்த்ததில்லை, உண்மைதான். 1842-இல் அவர் அமெரிக்காவில் இருந்தபோது குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் கேட்டார், எழுதிக்கொடுத்தார். அந்தக் குழந்தை, சார்ல்ஸ் இர்விங் தார்ன்டன், 1841 ஜனவரி 20-இல் பிறந்தவன். டிக்கன்ஸின் மகன் வால்டர் அதே வருடம் பிப்ரவரி 8-இல் பிறந்தவன். மூன்று வாரம்கூட வித்தியாசமில்லை. வால்டரையும் மற்ற மூன்று பிள்ளைகளையும் லண்டனில் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்திருந்த தகப்பன் எழுதிய வரிகள் அவை. முகம் பார்க்கவில்லையாம்!

அதற்கு ஐந்து வருடம் முன்பு 17 வயது மைத்துனி மேரி அவர் கையிலேயே உயிரை விட்டாள். வந்துகொண்டிருந்த இரண்டு தொடர்கதைகளையும் அந்த மாதம் அவரால் எழுத முடியவில்லை. மேரியின் கல்லில் இருப்பதும் அவர் வரிகள்தான். சாவு எந்த உருவில் வந்தாலும் பாசம் அதற்கு இணங்குவது கடினம், குழந்தையின் சாவான இந்த உருவில்தான் ஆரம்பத்தில் ஒருவேளை மிகக் கடினம் என்று அந்தக் குழந்தைக்கு எழுதியவர், தெரிந்துதான் எழுதினார்.

பிரபலமானவரின் எழுத்துக்கு ஆசைப்பட்ட பெற்றோர் என்பீர்கள். இருக்கட்டுமே. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு வார்த்தை வருமா? இன்னொருவர் வார்த்தை கொடுத்தார், அவ்வளவுதான். அந்த ஊர் அடிமைகளின் பிள்ளைகளுக்கு யார் எழுதினார்கள் என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடிமைமுறையைக் காணப் பொறுக்காததாலும்தான் டிக்கன்ஸ் தெற்குப் பயணத்தை ரிச்மண்டோடு முடித்துக்கொண்டார், அதே வருடம் புத்தகத்திலும் கடுமையாக எழுதினார். அது போதாது என்றால் போதாதுதான். அதற்காக, 13 மாதமும் 19 நாளுமே வாழ்ந்தான் என்று எழுதியிருக்கும் கல்லைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். என் அக்கா 11 மாதத்தில் போய்விட்டாள். நான் பிறப்பதற்கு முன்னால். அப்பா அப்போது பிலாயில் வேலையில் இருந்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த தபால்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்து இன்லேண்டில் எழுதிக்கொடுத்தார். அவரும் அக்காவைப் பார்த்ததில்லை. அதில் ஒரு வரி: “இனி அவளுக்குப் பசிக்காது, நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.” அம்மா சொன்னதா, அவராக எழுதியதா என்று அம்மாவுக்கே இப்போது நினைவில்லை.

அதையும் கூலிக்கு மாரடிப்பு என்பீர்களா?

அக்காவுக்குக் கல் கிடையாது. ஆற்றங்கரையில் புதைத்த இடமும் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. அப்பா இறந்த பிறகு அவர் டிரங்குப் பெட்டியில் அந்தக் கடிதம் கிடைத்தது, மடிப்பெல்லாம் கிழிந்து. சில ராத்திரிகளில் அம்மா அதை எடுத்து வந்து படிக்கச் சொல்வாள். அந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் முதலிலிருந்து படி என்பாள்.