ஸ்டாப்பில் நிறுத்துங்கள் ஐயா!

நேற்றும் டவுன் பஸ் நிற்கவில்லை. தொடர்ந்து மூன்றாவது நாள்.

சாயங்காலம் 6.10க்கு திருச்சி ஹெட் போஸ்ட் ஆபீஸ் ஸ்டாப்பில் வந்து நின்றேன். எடமலைப்பட்டிபுதூர் போக வேண்டும். என்னோடு சேர்த்துப் பதினோரு பேர், அதில் ஆம்பளைகள் இரண்டே பேர். இந்தக் கணக்கை எதற்குச் சொல்கிறேன் என்று டவுன் பஸ்ஸில் போகிற பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

6.52. பாலக்கரைப் பக்கமிருந்து பஸ் வருகிறது. எல்லோரும் பையைத் தூக்குகிறோம். பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா, அறுபது வயதுக்குக் குறையாது, ஈரத்துணி போட்டு மூடிய கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறார். பஸ் வேகம் குறைகிறது. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. நிற்காமல் போவதென்றால் விர்ரென்று போய்த் தொலையட்டும், மனசாவது ஆறும். வேகத்தைக் குறைத்து, நம்மை ரோட்டில் இறங்க வைத்து, டிரைவர் நம் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே நிழற்குடையைத் தாண்டி, நின்ற ஆட்டோக்களைத் தாண்டி, ஓரத்தில் நிறுத்தியிருந்த லோடு வண்டியையும் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறார். நமக்காக இல்லை. உள்ளே யாரோ இறங்க வேண்டுமாம்.

ஓடுகிறோம். பதினோரு பேரும் ஓடுகிறோம். ஆபீஸில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வீங்கிய காலோடு நான் ஓடுகிறேன். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண், முதுகில் இத்தனை பெரிய பை, அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். கம்பியைப் பிடித்துவிட்டாள். ஒரு கால் படியில், ஒரு கால் தார் ரோட்டில். அந்த நேரம் பார்த்து இரட்டை விசில். பஸ் நகர்கிறது. இரண்டு மூன்று எட்டு அந்தப் பிள்ளை ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே போனாள். "விட்டுடும்மா, விட்டுடு!" என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம். கையை விட்டாள். விழவில்லை, புண்ணியம். படியில் நின்ற கண்டக்டர் குனிந்து சொன்னார்: "பின்னாடியே காலியா வருதும்மா!"

பின்னாடியே காலியாக வருகிறதாம். இருபது வருஷமாக இந்த ஊரில் பஸ் ஏறுகிறேன், அந்தக் காலி பஸ்ஸை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

திரும்பிப் பார்த்தால் பூக்கார அம்மா ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஓடிய ஓட்டத்தில் கூடை சரிந்து நாலைந்து சரம் மண்ணில் கிடக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து ஊதுகிறார். பூவுக்கு நடுவில் ஒட்டின மணலை விரல் நுனியால் தட்டுகிறார். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கையில் ஊற்றித் தெளிக்கிறார். "விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் வாசல்ல இருந்தாத்தான் போகும்மா. இனிமே இத யாரு வாங்குவா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை அறுத்தது. பஸ் லேட் என்றால் நமக்கு அலுப்பு. அந்த அம்மாவுக்கு அன்றைய கூலி.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லை என்று 2021 மே மாதம் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். என்னைப் போல மாதச் சம்பளத்தில் பஸ் காசை எண்ணி எண்ணி எடுத்து வைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் "ஓசி டிக்கெட்" என்று காதுபடப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஏறுவதற்கான காசை அரசாங்கம் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. 2023-24 பட்ஜெட்டில் மட்டும் அதற்கு ஒதுக்கியது 2,800 கோடி ரூபாய். அது நம் வரிப் பணம். யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை. கட்டணமில்லா பயணம் என்று பஸ் முகப்பில் எழுதிவிட்டு, ஸ்டாப்பில் பெண்களாக நின்றால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, அடுத்த பஸ்ஸுக்கு வருகிறேன். 7.31க்கு வந்தது. ஒன்று இல்லை, மூன்று! ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. முன்னால் வந்ததில் கால் வைக்க இடமில்லை, படியில் ஆள் தொங்குகிறது. பின்னால் வந்த இரண்டும் அதை வலது பக்கமாக ஏறிக் கடந்து, நிற்காமலேயே சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விட்டன. இரண்டிலும் சீட் காலி. ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்த்தேன்.

இது விதி இல்லை. முதல் பஸ் அஞ்சு நிமிடம் பிந்தினால் ஸ்டாப்பில் கூட்டம் சேரும். கூட்டத்தை ஏற்றியே அது இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆளே இருக்காது, அதனால் வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். இதைச் சரி செய்யத்தானே டைம் கீப்பர் என்று ஒருவரை வைத்திருக்கிறீர்கள்? பின்னால் வந்ததைப் பாலக்கரையிலோ சென்ட்ரலிலோ அஞ்சு நிமிடம் பிடித்து வைத்து அனுப்பினால் பாதி தீர்ந்துபோகும். கோடிக்கணக்கில் செலவு கேட்கவில்லை. ஒரு கடிகாரமும், அதைப் பார்க்கிற மனசும் போதும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இந்த நம்பர் இத்தனை மணிக்கு, கடைசி பஸ் இத்தனை மணிக்கு என்று ஒரு தகரத்தில் பெயின்ட் அடித்து மாட்ட என்ன கேடு? நிழற்குடை முழுக்கப் பிறந்தநாள் வாழ்த்து ஒட்ட இடம் இருக்கிறது, பஸ் நேரம் எழுத இடம் இல்லை.

டிரைவர், கண்டக்டருக்கு ஆள் பற்றாக்குறை, டபுள் டூட்டி, எல்லாம் தெரியும். அதற்கு ஆள் எடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் கையைக் கம்பியிலிருந்து பிடுங்கிவிட்டு அதைக் காரணம் சொல்லாதீர்கள்.

பஞ்சப்பூரில் 40 ஏக்கரில் 400 கோடிக்கு மேல் செலவு செய்து பேருந்து முனையம் கட்டினார்கள். 2025 ஜூலை 16லிருந்து பெரும்பாலான வெளியூர் பஸ்கள் அங்கேதான். நல்ல விஷயம், சென்ட்ரலில் மூச்சு விட முடிகிறது. ஆனால் மதுரையிலிருந்து ராத்திரி வந்து இறங்குகிறவர் ஊருக்குள் வர இதே டவுன் பஸ்ஸைத்தானே நம்ப வேண்டும்? முன்பு சென்ட்ரலில் இறங்கினால் நடந்தாவது வீடு சேரலாம். இப்போது கையில் குழந்தையும் பெட்டியுமாக நிற்கிற அம்மாவிடம் ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்.

கடைசியில் நேற்று நானும் ஆட்டோவில்தான் போனேன். பூக்கார அம்மாவையும் ஏற்றிக்கொண்டேன். அவர் பங்கைத் தர மடியை அவிழ்த்தார், வேண்டாம் என்றதற்கு அந்த மண் பட்ட சரத்தில் இரண்டு முழம் அளந்து என் கையில் திணித்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஆட்டோவில் மீதிச் சில்லறையாக இரண்டு பத்து ரூபாய் நாணயம் கொடுத்தார்கள். தெருமுனைக் கடையில் பால் பாக்கெட்டுக்கு நீட்டினேன். "இது செல்லாதுக்கா, நோட்டு குடுங்க." பதினாலு வடிவத்தில் எது வந்தாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "எங்ககிட்ட வாங்க மாட்டேங்கறாங்கக்கா" என்கிறார். யார் வாங்க மாட்டேன் என்றது? பேர் சொல்லுங்கள், நான் போய்க் கேட்கிறேன்!

பால் வாங்காமலேயே வீட்டுக்கு வந்தேன்.